ஐந்து பேர், ஒரு மொபைல், அரை மணி நேரம்: உங்கள் இணையதளத்தைச் சோதித்துப் பார்க்கும் முறை

ஓர் இணையதளம் ஏன் எடுபடவில்லை என்று அதைக் கட்டியவர்களைக் கேட்டால் நிறம், எழுத்துரு, முகப்புப் படம் என்றுதான் பெரும்பாலும் பேச்சு போகும். வந்தவர் எதற்காக வந்தார், எந்த இடத்தில் திணறினார், எந்தப் பக்கத்தோடு கிளம்பிப் போனார் என்பதை ஒருவரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால் தளத்துக்கு வருடா வருடம் புதுத் தோற்றம் வரும். புகார்கள் மட்டும் பழையபடியே இருக்கும்.

பார்ப்பதற்குப் பெரிய செலவில்லை. தளத்தை முன்பின் பார்க்காத ஐந்து பேர், திரையைப் பதிவுசெய்யும் அவரவர் மொபைல், ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு நாள். தளம் இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது என்றாலும் செய்யலாம். முடிந்த தளத்தை இடித்துக் கட்டுவதைவிட அப்போது மாற்றுவது எளிது.

முதலில், வந்த வேலை என்ன?

தளத்துக்கு வருகிறவர்கள் செய்ய வேண்டிய முக்கியமான மூன்று வேலைகளை எழுதுங்கள். யோசித்து எழுத வேண்டாம், தேடி எடுங்கள். போனிலும் மின்னஞ்சலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள், தளத்தின் தேடல் பெட்டியில் மக்கள் தட்டிய சொற்கள், மக்கள் எதைத் தேடித் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில் தெரியும் தேடல் வரிகள் ஆகிய மூன்றும் போதும். உங்கள் தளத்திலேயே பதில் இருக்கும் ஒரு கேள்விக்காக ஒருவர் போன் செய்கிறார் என்றால், அந்தப் பதில் அவர் கண்ணில் படவில்லை என்று பொருள்.

பிறகு அந்த வேலைகளைச் சோதனைக்கான பணிகளாக மாற்றுங்கள். இங்கேதான் புதியவர்கள் வழுக்குகிறார்கள். வகுப்புகள் நடத்தும் ஒரு தளத்தின் மெனுவில் ‘சேர்க்கை’ என்று இருக்கிறது; பணித்தாளில் “சேர்க்கைப் படிவத்தை நிரப்புங்கள்” என்று எழுதுகிறார்கள். பங்கேற்பவர் அதே சொல்லை மெனுவில் தேடிப்பிடித்து அழுத்திவிடுவார். அது கண்ணாமூச்சி, சோதனை இல்லை. “உங்களுக்கு மாலை ஆறு மணிக்கு மேல்தான் நேரம் கிடைக்கும். உங்களுக்குப் பொருந்தும் வகுப்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ஓர் இடம் பிடியுங்கள்” என்று எழுதினால், அந்த மனிதர் தன் சொல்லிலிருந்து உங்கள் சொல்லுக்கு எப்படி வந்து சேர்கிறார் என்பது தெரியும்.

பணிக்கு ஒரு முடிவு இருக்க வேண்டும். “தளத்தைச் சுற்றிப் பாருங்கள்” என்றால் எல்லோரும் சுற்றிப் பார்த்துவிட்டு “நல்லாயிருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

ஏன் ஐந்து பேர், எந்த ஐந்து பேர்

பயன்பாட்டு எளிமையை ஆராய்ந்த யாக்கோப் நீல்சனும் தாமஸ் லாண்டவரும் 1993இல் வெளியிட்ட கணக்கு இது: அவர்கள் ஆராய்ந்த திட்டங்களில் ஒரு பங்கேற்பாளர் சராசரியாக 31 சதவீதக் குறைகளை வெளிக்கொண்டு வந்தார். இரண்டாமவர் வரும்போது சில குறைகள் ஏற்கெனவே கண்டவையாக இருக்கும், மூன்றாமவரிடம் புதியவை இன்னும் குறையும். ஐந்தாமவர் முடிக்கும்போது ஏறத்தாழ 85 சதவீதம் தெரிந்துவிடும். இந்த 31 எல்லாத் தளத்துக்கும் பொருந்தும் எண் கிடையாது. சிக்கலான தளத்தில் குறையலாம். கணக்கு சொல்லும் புத்திமதி வேறு: பதினைந்து பேரை ஒரே நாளில் உட்காரவைப்பதைவிட, ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர், திருத்தம், மறுபடி ஐந்து பேர் என்று போவது அதிகப் பயன் தரும்.

ஐந்து பேரை வைத்துச் சதவீதம் மட்டும் போடாதீர்கள். மூன்று பேர் தவறினார்கள் என்பதால் உலகத்தில் 60 சதவீதம் பேர் தவறுவார்கள் என்று ஆகாது. குறை இருக்கிறது என்பதற்குச் சாட்சி கிடைத்தது, அவ்வளவுதான்.

தளத்தில் வேலை செய்தவர்கள், அதைப் பற்றி வாரக்கணக்காகக் கேட்டுக் காது புளித்துப்போன வீட்டார், வேறொரு தளத்தின் டிசைனர் ஆகியோரை விலக்குங்கள். டிசைனர் வந்தால் பணியை விட்டுவிட்டு விமர்சனம் எழுதத் தொடங்கிவிடுவார். ஆசிரியர், மாணவர் என்று இரண்டு வேறு கூட்டம் தளத்தைப் பயன்படுத்துகிறது என்றால் ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு பேர் வேண்டும். ஐவரில் ஒருவராவது கண்ணாடி போட்டவராக, மொபைலில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பவராக இருந்தால் நல்லது. வேறு எங்கும் தெரியாத உடைசல்கள் அந்தத் திரையில் தெரியும்.

உட்காரும் நேரம்

அவரவர் மொபைலிலேயே நடத்துங்கள். பழகிய கீபோர்டு, பழகிய பிரவுசர், அவர் வழக்கமாக வைத்திருக்கும் எழுத்தளவு எல்லாம் அப்படியே இருக்கும். ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் திரைப்பதிவு வசதி உள்ளேயே இருக்கிறது. பதிவு எதற்கு, யார் பார்ப்பார்கள், எப்போது அழிக்கப்படும் என்று சொல்லி அனுமதி வாங்குங்கள். வரும் செய்திகள் திரையில் பதிவாகாமல் இருக்க நோட்டிஃபிகேஷனை நிறுத்தச் சொல்லுங்கள். பணம் கட்டும் படி இருந்தால் சோதனைக்கான பொய் எண்ணைத் தாளில் எழுதிக் கொடுங்கள்.

தொடக்கத்தில் ஒரு வாக்கியம் கட்டாயம்: “நாங்க சோதிக்கிறது தளத்தை, உங்களை இல்லை. எங்கயாவது மாட்டிக்கிட்டா அது எங்க தப்பு.” இதைச் சொல்லாவிட்டால் மனிதர்கள் தங்கள் தடுமாற்றத்தை மறைப்பார்கள்.

அடுத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்யச் சொல்ல வேண்டும். ஐபிஎம்மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் 1982இல் இந்த முறையை மென்பொருள் சோதனைக்குக் கொண்டுவந்தார். இதைவிட மலிவான கருவி இன்னும் வரவில்லை. முதலில் யாருக்கும் கூச்சமாக இருக்கும். வேறு ஏதாவது ஒரு தளத்தில், எடுத்துக்காட்டாக நாளைய வானிலையைக் கண்டுபிடிப்பது போன்ற ஒரு பணியை இரண்டு நிமிடம் பழக்கத்துக்குச் செய்யவிடுங்கள். வாய் திறந்துவிடும்.

இனி உங்கள் வேலை பேசாமல் இருப்பது. சொல்வது சுலபம். பங்கேற்பவரின் கட்டைவிரல் சரியான பட்டனுக்கு அரை அங்குலம் தள்ளி அலையும்போது “அதோ அங்கே” என்று சொல்லாமல் இருக்கப் பல்லைக் கடிக்க வேண்டியிருக்கும். கடியுங்கள். அவர் “இதை அழுத்தினா என்ன ஆகும்?” என்று கேட்டால் “என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?” என்று திருப்பிக் கேளுங்கள். அவர் மௌனமாகிவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள், பிறகு “இப்ப என்ன பார்க்கறீங்க?” என்பது போதும். தலையாட்டல், “சரிதான்”, “அருமை” எல்லாமே குறிப்புக் கொடுப்பதுதான். மூன்று நிமிடத்துக்கு மேல் முழுதாக மாட்டிக்கொண்டால் அந்தப் பணியை நன்றி சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

நோட்டில் நான்கு பத்தி (நெடுவரிசை) போதும்: நேரம், எந்தப் பக்கம், என்ன செய்தார், என்ன சொன்னார். முதல் அழுத்தம் எங்கே விழுந்தது என்பதைத் தவறாமல் குறியுங்கள். முதல் அடியே தப்பான திசையில் போனால் திரும்பி வருவது கடினம். தீர்வுகளை இப்போது எழுத வேண்டாம். “மெனுவை மாற்றணும்” என்று எழுதிய கணத்திலிருந்து கண் பார்ப்பதை நிறுத்திவிட்டு அந்த முடிவுக்கு ஆதாரம் தேட ஆரம்பித்துவிடும்.

ஒருவருக்கு முப்பது நிமிடம், நடுவில் பதினைந்து நிமிட இடைவெளி. அந்த இடைவெளியில் குறிப்பைச் சுத்தமாக எழுதாவிட்டால் மாலையில் யார் என்ன சொன்னார் என்பது கலந்துவிடும்.

திரையில் என்ன தெரியும்

முதலில் தெரிவது, ஒருவரும் படிப்பதில்லை என்பது. நீல்சன் 1997இல் சொன்ன கணக்குப்படி அவர் சோதித்தவர்களில் 79 சதவீதம் பேர் புதிய பக்கத்தை மேய்ந்தார்கள். 16 சதவீதம் பேர்தான் சொல்லுக்குச் சொல் படித்தார்கள். 2006இல் கண் அசைவைப் பதிவுசெய்தபோது பார்வை மேலே ஒருமுறை, சற்றுக் கீழே ஒருமுறை குறுக்காக ஓடி, பிறகு இடது ஓரமாகவே இறங்குவது தெரிந்தது. அந்த ஆங்கில ‘எஃப்’ வடிவம் நல்ல வடிவமைப்புக்கு அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். பிடிமானம் இல்லாத பக்கத்தில் கண் வழுக்கி விழும் பாதைதான் அது. துணைத்தலைப்பும் சிறு பத்திகளும் இருந்தால் கண் வேறு மாதிரி நகரும். பத்தியின் முதல் இரண்டு சொற்களில் விஷயம் இருக்கட்டும். “எங்கள் நிறுவனம் தங்களை அன்போடு வரவேற்கிறது” என்பது முதல் வரியில் இருந்தால் அந்த வரி வீண்.

அடுத்தது மோப்பம். ஜெராக்ஸ் நிறுவனத்தின் ‘பார்க்’ (PARC) ஆய்வகத்தில் பீட்டர் பிரோலியும் ஸ்டூவர்ட் கார்டும், மனிதர்கள் தகவல் தேடுவது விலங்குகள் இரை தேடுவதைப் போன்றது என்று 1990களில் விளக்கினார்கள். லிங்க்கில் உள்ள சொல் தேடும் பொருளின் வாசனையைத் தந்தால் தொடர்ந்து போவார்கள். வாசனை அற்றுப்போனால் திரும்பிவிடுவார்கள். ‘இங்கே க்ளிக் செய்யவும்’, ‘மேலும்’, ‘சேவைகள்’, ‘தீர்வுகள்’ ஆகிய நான்குக்கும் வாசனையே கிடையாது. ‘மாலை வகுப்புகளும் கட்டணமும்’ என்றால் உள்ளே என்ன இருக்கும் என்று அழுத்தும் முன்பே தெரிகிறது. நடுவில் எத்தனை க்ளிக் என்பது அவ்வளவு முக்கியமில்லை. மூன்று க்ளிக்குக்குள் எல்லாம் இருக்க வேண்டும் என்ற பழைய விதியை மறந்துவிடலாம். ஒவ்வொரு படியும் சந்தேகமில்லாமல் இருந்தால் ஐந்து க்ளிக்கும் பொறுப்பார்கள்.

இன்னொன்று, மக்கள் சிறந்த வழியைத் தேடுவதில்லை, ‘இது போதும்’ என்று தோன்றும் முதல் வழியில் இறங்கிவிடுகிறார்கள். பொருளியல் அறிஞர் ஹெர்பர்ட் சைமன் 1956இலேயே இந்த நடத்தைக்கு ‘சாட்டிஸ்ஃபைசிங்’ என்று பெயர் வைத்துவிட்டார். ஆகவே பட்டியலில் ஏழாவதாக மிகச் சரியான லிங்க் இருந்தும் இரண்டாவதாக உள்ள சுமாரான லிங்க்கை அழுத்துவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டாவது லிங்க்கின் பெயரைக் கூர்மையாக்குங்கள்.

பளபளப்பான பெட்டிக்குள் போட்ட முக்கிய அறிவிப்பை ஒருவருமே பார்க்காமல் போவது உங்களுக்கு அதிர்ச்சியாக இருக்கும். விளம்பரம் போலத் தோன்றும் எதையும் கண் தாண்டிப் போகப் பழகிவிட்டது. 1998இலேயே பென்வே, லேன் என்ற ஆய்வாளர்கள் இதைச் சோதனையில் காட்டினார்கள். தானாக நகரும் முகப்புப் படவரிசைக்கும் இதே கதி. அமெரிக்காவின் நாட்டர் டேம் பல்கலைக்கழகத் தளத்தில் 2013இல் அளந்தபோது, வந்தவர்களில் ஏறத்தாழ 1 சதவீதம் பேர்தான் அதை அழுத்தினார்கள், அதிலும் பெரும்பாலானோர் முதல் படத்தை. ஐந்து துறைகளும் முகப்பில் இடம் கேட்டுச் சண்டை போட்டதற்குச் சமாதான ஒப்பந்தமாகத்தான் பல தளங்களில் அந்தப் படவரிசை இருக்கிறது.

பார்த்ததை வரிசைப்படுத்துதல்

அன்று மாலையே ஒரு கட்டம் போடுங்கள். வரிசையில் குறைகள், பத்தியில் ஐந்து பேர். யாருக்கு எது நேர்ந்ததோ அந்தக் கட்டத்தில் 3, 2, 1: பணியே நின்றுபோனால் 3, சுற்றி வந்து சேர்ந்தால் 2, முகம் சுளித்துக் கடந்தால் 1. கூட்டிப் பாருங்கள். ஒருவருக்கு மட்டுமே வந்தாலும் 3 என்றால் அது சாதாரணமில்லை; அதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

மேலே உள்ள மூன்று குறைகளை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆகச் சிறிய மாற்றம் எது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒரு சொல்லை மாற்றுவதோ, ஒன்றை நீக்குவதோ, ஒரு பட்டனை மேலே நகர்த்துவதோதான். விளக்கக் குறிப்பு சேர்ப்பது கடைசி வழி. ஒரு பெட்டிக்கு மூன்று வரி விளக்கம் தேவைப்படுகிறது என்றால் பெட்டியின் பெயர்தான் தப்பு, அந்த மூன்று வரியையும் யாரும் படிக்கப் போவதில்லை.

படிவங்கள்: அதிகம் உடையும் இடம்

பெயரைக் கேட்டீர்கள், போன் எண் கேட்டீர்கள். பிறந்த தேதி எதற்கு? ஒவ்வொரு பெட்டிக்கும் “இது இல்லாவிட்டால் நாம் எந்த வேலையைச் செய்ய முடியாது?” என்று கேட்டுப் பதில் வராததை அழித்துவிடுங்கள்.

மீதியுள்ள பெட்டிகளின் பெயர் பெட்டிக்கு மேலே, எப்போதும் தெரியும்படி இருக்கட்டும். பெட்டிக்குள் சாம்பல் நிறத்தில் எழுதிவைத்தால் தட்ட ஆரம்பித்ததும் அது மறைந்துவிடும். நடுவில் ஒரு போன் வந்து திரும்பியவருக்கு எதை நிரப்பிக்கொண்டிருந்தார் என்பதே தெரியாது. ஒரே பத்தியாக மேலிருந்து கீழாக வையுங்கள். இரண்டு பத்தியாகப் போட்டால் வலப்பக்கப் பெட்டிகள் விடுபடும். போன் எண், ஓடிபி பெட்டிகளில் எண் கீபோர்டு திறக்க வேண்டும். பெட்டியின் எழுத்தளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் ஐபோனின் சஃபாரி பிரவுசர் பெட்டியைத் தொட்டவுடன் பக்கத்தைப் பெரிதாக்கிவிடும், பாதிப் படிவம் திரைக்கு வெளியே போகும். இதைக் குறை என்று யாரும் சொல்லமாட்டார்கள், எரிச்சலோடு கிளம்பிவிடுவார்கள்.

எண்ணுக்கு நடுவே இடைவெளி விட்டு எழுதினால் ‘தவறான எண்’ என்று துரத்தும் தளங்கள் இன்னும் இருக்கின்றன. இடைவெளியை நீக்குவது டெவலப்பருக்கு ஒரு வரி வேலை. பிழைச் செய்தி அந்தப் பெட்டியின் அருகிலேயே, எப்படித் திருத்துவது என்று சொல்ல வேண்டும்: ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதில் ‘மின்னஞ்சலில் @ குறி விடுபட்டிருக்கிறது’. தட்டிக்கொண்டிருக்கும்போதே சிவப்பாக மிரட்டாமல், பெட்டியை விட்டு நகர்ந்த பிறகு காட்டுங்கள். ஒரு பெட்டி தவறு என்பதற்காக மற்றவற்றை வெறுமையாக்குவது மன்னிக்க முடியாத குற்றம். ‘அனுப்பு’ அழுத்தியதும் பட்டன் ‘அனுப்புகிறது…’ என்று மாறி, மறுபடி அழுத்த முடியாதபடி நிற்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே விண்ணப்பம் மூன்று முறை வரும். பக்கத்தில் ‘அழி’ பட்டன் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

விரலும் கண்ணும்

இலக்கு சிறியதாகவும் தூரமாகவும் இருந்தால் அதைத் தொட நேரமாகும் என்று பால் ஃபிட்ஸ் 1954இல் சமன்பாடாகவே எழுதினார். அக்டோபர் 2023இல் வெளியான டபிள்யூசிஏஜி 2.2 (இணையதளங்களை மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்த வழிசொல்லும் அணுகல்தன்மை நெறிமுறை), தொடும் இடம் குறைந்தது 24×24 பிக்சல் என்கிறது. அது தரைமட்டம். ஆப்பிள் 44×44 பாயின்ட், கூகுள் 48×48 டிபி (இரண்டும் அவரவர் திரை அளவு அலகு) என்று பரிந்துரைக்கின்றன. அதையே கணக்கில் கொள்ளுங்கள். ‘சேமி’யும் ‘நீக்கு’ம் ஒட்டிக்கொண்டு இருக்க வேண்டாம்.

வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து டிசைனர்களுக்குப் பிடிக்கும், வெயிலில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. சாதாரண எழுத்துக்கு நிற வேறுபாடு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்பது நெறிமுறை. வெள்ளையின் மேல் #767676 என்ற குறியீடுள்ள சாம்பல் நிறம் தேறும். ஒரே ஒரு படி வெளிறிய #777777 4.48இல் நின்று தோற்றுவிடும்.

தமிழ் எழுத்துக்குத் தனிக் கவனம் தேவை. மேலே ஏறும் ‘ீ’யும் கீழே இறங்கும் ‘ூ’வும் முட்டிக்கொள்ளாமல் இருக்க வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்குக்குக் குறையாமல் வையுங்கள். இருபுறமும் சமமாக இழுத்துக்கட்டுவதைக் குறுகிய திரையில் தவிருங்கள். சொற்கள் நீளமாக இருப்பதால் நடுவே ஓட்டைகள் விழும். பட்டனில் ‘விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கவும்’ இரண்டு வரியாக உடையும். ‘அனுப்பு’ உடையாது.

வேகம்

0.1 விநாடிக்குள் பதில் வந்தால் கை வைத்ததும் நடந்தது போலிருக்கும். 1 விநாடி வரை யோசனை அறுபடாது. 10 விநாடி தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். கூகுள் தன் அளவுகோல்களில் மூன்று எல்லை வைத்திருக்கிறது: முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டதற்கான பதில் 200 மில்லி விநாடிக்குள் வர வேண்டும், பக்கம் குதிக்கும் அளவு 0.1ஐத் தாண்டக் கூடாது. வருகைகளில் நூற்றுக்குக் குறைந்தது எழுபத்தைந்து இந்த எல்லைக்குள் இருந்தால்தான் தேர்ச்சி. பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் காட்டிவிடும்.

காரணங்கள் பெரும்பாலும் சலிப்பூட்டுபவை. கேமராவிலிருந்து நேராக ஏற்றிய 4000 பிக்சல் அகலப் படம். மொபைலுக்கு 1200 போதும். அகலம், உயரம் குறிக்காத படம். அது வந்து சேரும்போது பக்கம் கீழே தள்ளப்பட்டு, விரல் வேறொரு லிங்க்கில் விழும். எப்போதோ சேர்த்து மறந்துபோன சாட் பெட்டி, சமூக ஊடகப் பட்டன்கள். எல்லாப் படங்களையும் ‘தேவைப்படும்போது ஏற்று’ என்று வைத்தால் நல்லதுதானே என்று முதல் திரைப் படத்துக்கும் அதையே வைத்துவிடுவது இன்னொரு தப்பு. முதலில் தெரிய வேண்டியதே தாமதமாகும். அந்தக் கருவி தரும் மதிப்பெண் 92ஐ 100 ஆக்க ஒரு வாரம் செலவிடாதீர்கள், அந்த நேரத்தில் படிவத்தைப் பாருங்கள்.

எண்கள் எங்கே உதவும்

திருத்தியபின் ஒரு மாத எண்களைப் பாருங்கள், ஆனால் எச்சரிக்கையோடு. போன் எண் தேடி வந்தவர் எட்டு விநாடியில் கண்டுபிடித்துக் கிளம்பினால் வருகைகளை எண்ணும் கருவியான கூகுள் அனலிடிக்ஸ் 4 அதை ‘பவுன்ஸ்’ (வந்த வேகத்தில் திரும்பிய வருகை) என்று எண்ணும்: 10 விநாடிக்கு மேல் தங்கவில்லை, இரண்டாவது பக்கம் பார்க்கவில்லை, முக்கிய நிகழ்வு எதுவும் பதியவில்லை. உங்களுக்கு அது வெற்றி. போன் எண்ணைத் தொடுவதை முக்கிய நிகழ்வாகக் குறித்துவையுங்கள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி இலவசம். லிங்க் இல்லாத இடத்தில் எங்கே தொடுகிறார்கள், எரிச்சலில் எங்கே படபடவென்று தட்டுகிறார்கள் என்பதை அது காட்டும். எங்கே என்று அதற்குத் தெரியும். ஏன் என்பது அந்த ஐந்து பேரிடம்தான் கிடைக்கும்.

இரண்டு வடிவங்களை ஒப்பிடும் ஏ/பி சோதனை சிறிய தளத்துக்கு வேண்டாம். பதிவுசெய்பவர்கள் 5 சதவீதத்திலிருந்து 6 ஆனார்களா என்று நம்பத்தக்க அளவில் அறிய, ஒவ்வொரு வடிவத்துக்கும் ஏறத்தாழ 8,000 வருகையாளர்கள் தேவை.

இரண்டாம் சுற்று

அதே பணிகள், புதிய ஐந்து பேர். பழையவர்கள் வழி கற்றுக்கொண்டுவிட்டார்கள், அவர்களை மறுபடி அழைப்பதில் பயனில்லை. பணித்தாளின் சொற்களையும் மாற்றாதீர்கள், ஒப்பிட முடியாமல் போகும். முதல் சுற்றில் 3 வாங்கிய குறைகள் இப்போது யாருக்கும் வரவில்லையா என்பதை முதலில் சரிபாருங்கள்.

குறைகளின் எண்ணிக்கை கூடியிருந்தால் பதற வேண்டாம். சென்ற முறை மெனுவிலேயே நின்றுபோனவர்கள் படிவம்வரை வரவே இல்லை. இந்த முறைதான் அந்தப் படிவத்தை முன்பின் அறியாத ஒருவர் முதன்முதலாகத் தொடுகிறார்.